உங்கள் மாப்பிள்ளை வாயைத் திறந்தால்

வியாகுல மாதா துணை

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
12 ஜூலை 1960

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் பிலோமின்ராஜ் அவர்களுக்கு, தங்கை இருதயமேரி எழுதுவது.

நாக்பூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

தந்தியில் விபத்து, அவருக்குக் காயமில்லை என்று மட்டும் கொடுத்திருந்தேன். நீங்கள் பதறிப்போய் எழுதிய கடிதம் நேற்று வந்தது. நடந்ததை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

குளித்தலையிலிருந்து திருச்சிக்கு வரும் காலை வண்டியை அவர்தான் ஓட்டி வந்தார். ஜீயபுரம் வளைவில், சைக்கிளில் வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு ஒருவர் வயல் பாதையிலிருந்து சாலைக்கு ஏறியிருக்கிறார். பஸ் நிற்கவில்லை. பிச்சமுத்து என்று பெயர். நல்ல வயது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அந்த ஆத்துமாவுக்காக இங்கே கோயிலில் பூசை வைத்தோம். அவர் நம் வேதம் இல்லை என்று சாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் மற்ற டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அடி விழும் என்று வண்டியை விட்டுவிட்டு ஓடுவார்கள், அப்புறம் வக்கீலோடு வந்து சரணடைவார்கள். உங்கள் மாப்பிள்ளை செத்தவரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் அடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றுவிட்டார்களாம். பிறகு தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "எழுதிக்குங்க, நான்தான் கொன்னேன்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? ஜாமீனில் வெளியே வந்த நாளிலிருந்து தெருவில் யார் "என்ன சவரிராயன், என்ன நடந்துச்சு?" என்று கேட்டாலும் இதே பல்லவிதான். பால்காரரிடம் சொன்னார். கோயில் உபதேசியாரிடம் சொன்னார். தபால்காரர் நின்று கேட்டுவிட்டுப் போனார். நம் பாக்கியமேரியை ஸ்கூலில், "உங்க அப்பாவே ஒத்துக்கிட்டாராமே" என்று கேட்கிறார்களாம். அழுதுகொண்டே வருகிறாள்.

அண்ணா, நீங்கள்தானே எனக்கு இந்த மாப்பிள்ளையைப் பார்த்தீர்கள்? மிலிட்டரி லாரி ஓட்டினவர், குடிக்க மாட்டார், பொய் பேசவே தெரியாதவர் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி சம்மதிக்க வைத்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பொய் பேசத் தெரியாதவருக்குப் பேசாமலும் இருக்கத் தெரியாது என்பதை நீங்கள் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அடைக்கலராஜ் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். சடகோப அய்யங்கார் என்று பெயர். உத்தர வீதியில் வீடு. நெற்றி நிறைய நாமத்தோடு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கோபக்காரர், ஆனால் நல்லவர். இவர் போனதும் போகாததுமாக அங்கேயும், "சாமி, நான்தாங்க..." என்று ஆரம்பித்தார். வக்கீல் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"ஓய், போலீஸ்காராகிட்டே நீர் சொன்னது கோர்ட்டிலே செல்லாது. சட்டமே அப்படித்தான் இருக்கு" என்றார்.

இவருக்கு அதைக் கேட்டு நிம்மதி வர வேண்டுமா இல்லையா? முகம் வாடிப்போய், "அப்ப மறுபடியும் சொல்லணுங்களா?" என்று கேட்கிறார்! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குத்தம் சாட்டப்பட்டவனை, உனக்கு விரோதமா நீயே பேசுன்னு இந்த தேசத்திலே யாரும் கட்டாயப்படுத்தப்படாது. நம்ம அரசியல் சட்டத்திலேயே எழுதி வச்சிருக்கா. ருஜுப் பண்ண வேண்டியது அவா வேலை. உம்ம வேலை சும்மா இருக்கறது. அதுகூடவா உம்மாலே முடியாது?"

"சும்மா இருந்தா பொய் சொன்ன மாதிரி ஆகாதுங்களா?"

"ஆகாது. பொய் வேறே, மௌனம் வேறே. நீர் பொய் சொல்ல வேண்டாம். ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அதன் பிறகு அவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "பிரேக் எப்படி இருந்துது?" என்றார். அண்ணா, ஊர் முழுக்கப் பேசுகிற மனிதர் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் இரண்டாம் தரம் கேட்டார். வக்கீல் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

திரும்பி வரும்போது காவேரிப் பாலத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேரி" என்று முடித்துவிட்டார்.

நீங்கள் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் சொன்னால் ஏறவில்லை. நீங்கள் சொன்னால் ஏறும். வக்கீல் சொன்னபடி கேட்கச் சொல்லுங்கள். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் அன்புத் தங்கை,
இருதயமேரி


வியாகுல மாதா துணை

பாலக்கரை
29 ஆகஸ்டு 1960

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பையில் வைத்துக்கொண்டேதான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிற இரண்டு காரியத்தையும் செய்தார். உங்கள் புத்திமதிக்கு அவ்வளவுதான் மரியாதை.

முதல் காரியம். பஸ் முதலாளி மாத்ருபூதம் பிள்ளை ஒருநாள் சாயங்காலம் காரில் வந்து இறங்கினார். வாழைப்பழச் சீப்பும் பிஸ்கோத்து டப்பாவும் வேறு. நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்பப் பிரியமாக, "சவரிராயா, உன் மனசு எனக்குத் தெரியும். கேசை இழுத்துக்கிட்டுக் கிடக்காதே. மாஜிஸ்ட்ரேட் முன்னால போய் உள்ளதைச் சொல்லிடு. லேசாப் போட்டு விட்டுடுவாங்க. அப்புறம் உன்னை நான் பாத்துக்கறேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசிட்டேன்" என்றார். சண்டையிலிருந்து திரும்பி வந்து இவர் வேலையில்லாமல் அலைந்த காலத்தில் முதல் வேலை கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. எனக்கு மட்டும் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. தன் பஸ்ஸில் ஆள் செத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தப்படாதவருக்கு, இவர் மனச்சாட்சி மேல் என்ன இத்தனை அக்கறை?

மறுநாள் என்னிடம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்விட்டார். (அது பொய் இல்லையாம். வரும் வழியில் கத்திரிக்காய் வாங்கி வந்தார்.)

ஆனால் அந்த மாஜிஸ்ட்ரேட் யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும். போலீசாரை வெளியே அனுப்பிவிட்டு இவரிடம், "நீர் ஒண்ணும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. சொன்னா அது உமக்கு எதிராவே உபயோகமாகும். வீட்டுக்குப் போய் யோசிச்சு நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். கத்தினேன். பாக்கியமேரி அழுதாள். சாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவரும் எடுத்துச் சொன்னார். "பாவசங்கீர்த்தனம் ஆண்டவர்கிட்ட. அங்க மன்னிப்பு இருக்கு. கோர்ட்டுல கேக்குறது வாக்குமூலம். அங்க தண்டனைதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்காதே சவரிராயன்" என்றார். இவர் தலையை ஆட்டினார். காலையில் தலை சீவிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார்!

நானும் பின்னாலேயே போனேன். வெளியே நின்றேன். உள்ளே நடந்ததை அடைக்கலராஜ் வந்து சொன்னார். வாக்குமூலம் எழுத மாஜிஸ்ட்ரேட் பேனாவைத் திறந்தாராம். எழுதுவதற்கு முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறார்: "யாராவது சொல்லிக் கொடுத்து வந்தீரா? யாராவது ஆசை காட்டினாங்களா?"

உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் பொய் வராதே. "ஆமாங்க. முதலாளி போகச் சொன்னாருங்க. லேசா விட்டுடுவாங்கன்னாரு. இன்ஸ்பெக்டர்கிட்டயும் பேசிட்டாருங்களாம். ஆனா எனக்கும் இஷ்டந்தாங்க" என்றாராம்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடிவிட்டார். ஆசை காட்டி அனுப்பிய வாக்குமூலத்தை எழுத முடியாது, வெளியே போம் என்று சொல்லிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் இவருடைய உண்மைதான் இவரைக் காப்பாற்றியது. வெளியே வந்து என்னைப் பார்த்து, "எழுத மாட்டேங்கிறாரு மேரி" என்றார், ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று திரும்பி வருகிறவர் மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதலாளியின் கார் அதன் பிறகு நம் தெருப் பக்கம் வரவில்லை. வேலையும் போயிற்று.

சரி, இத்தோடு ஓய்ந்தது என்று நினைத்தேன். இரண்டாவது காரியம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளைக் காணோம். பஸ் பிடித்து ஜீயபுரம் போயிருக்கிறார். செத்துப்போன பிச்சமுத்து வீட்டுக்கு! அவர் மனைவி அழகம்மாளைப் பார்த்து, அந்த அம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசி அழுதுவிட்டு வந்திருக்கிறார். வெட்டிப் போட்டிருந்தால் யார் கேட்பது? அந்த அம்மாள் வெட்டவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாளாம்.

இது முதலாளி காதுக்குப் போய், அங்கிருந்து போலீசுக்குப் போய், இப்போது அழகம்மாளையே சர்க்கார் தரப்புச் சாட்சியாகப் போட்டுவிட்டார்கள். வக்கீலுக்கு வந்ததே கோபம்! "போலீஸ்கிட்டே சொன்னது செல்லாதுன்னேன். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கலை. அதோட விட்டுதா? வெளி மனுஷாகிட்டே சொன்னா அது செல்லும் ஓய்! ஊரிலே இத்தனை பேர் இருக்கச்சே, செத்தவனோட ஆம்படையாகிட்டே போயா சொல்லணும்? கேசையே அவா கையிலே தூக்கிக் கொடுத்துட்டு வந்திருக்கீர்!"

இவர் சொன்ன பதில், "அவங்ககிட்டதாங்க சொல்லணும். வேற யார்கிட்ட சொல்லி என்ன?"

அங்கே என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். வக்கீல் கேட்டார். அடைக்கலராஜ் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஜீயபுரம் போய் அந்த அம்மாளையே கேட்டுவிடுகிறேன் என்றேன். வக்கீல் குதித்தார். சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும், கிட்டேயே போகப்படாது என்றார். ஆக, பேசக் கூடாத மனிதர் போய்ப் பேசிவிட்டு வருகிறார். பேச வேண்டும் என்கிற நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் விசாரணை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே பெரிய கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள். இவருக்குத் தண்டனை வரக்கூடாது என்று கேட்பதா, இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதா, அது அண்ணி இஷ்டம்.

தங்கை,
இருதயமேரி


வியாகுல மாதா துணை

பாலக்கரை
4 டிசம்பர் 1960

அன்பும் பாசமும் உள்ள அண்ணனுக்கு,

விடுதலை என்று தந்தி கொடுத்தேன், கிடைத்திருக்கும். நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுக் கூடையும் வந்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம்தான். எழுதிவிட்டுச் சந்தோஷமா என்று பார்க்கிறேன்.

முதல் நாள் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வைப்பதற்கே வக்கீல் ஒரு வாரம் பாடுபட்டார். "குத்தவாளி இல்லைன்னா, நான் நல்லவன்னு அர்த்தமில்லை ஓய். ருஜுப் பண்ணுங்கோன்னு அர்த்தம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோர்ட்டில் இவர் விழித்துக்கொண்டு நின்று, கடைசியில், "ருஜுப் பண்ணுங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்கும் சிரிப்பு வந்தது. விசாரணை கேட்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள்.

கண்டக்டர் வந்து, வண்டி கண்மண் தெரியாத வேகம் என்றான். நம் வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடித்த பிடியில், அவன் பின்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான், முன்னால் எதையும் பார்க்கவில்லை என்று வந்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து, மன்னார்புரம் ஷெட்டில் வண்டியைப் பார்த்தேன், பிரேக் சரியாக இருந்தது என்றார். விபத்து நடந்து எத்தனை நாள் கழித்துப் பார்த்தீர், அதற்குள் வண்டி யார் கையில் இருந்தது என்று கேட்டதற்கு, முதலாளி கையில் என்றார். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு அழகம்மாளைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கூண்டில் ஏறி நின்று சத்தியம் செய்தாள். எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் ஜெயிலுக்குப் போவார். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

சர்க்கார் வக்கீல் கேட்டார்: "இந்த டிரைவர் உன் வீட்டுக்கு வந்தாரா?"

"வந்தாருங்க."

"என்ன சொன்னார்?"

"அழுதாருங்க."

"அழுதுகிட்டே என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அழுதுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

போலீசார் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டி, நான்தான் கொன்றேன் என்று சொன்னாரா இல்லையா என்று அதட்டினார்கள். "அவங்களா எழுதிக்கிட்டாங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க" என்று அதையே சொன்னாள்.

அண்ணா, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டு இல்லை. இவரைப் பார்த்து. இவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். வாய் திறக்கிறது. இல்லீங்க, நான் சொன்னேங்க என்று அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது. பதினாலு வருஷமாக இந்த முகத்தோடு குடித்தனம் செய்கிறேன். அப்போது அழகம்மாள் திரும்பி இவரைப் பார்த்தாள். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, சும்மா பார்த்தாள். இவர் வாயை மூடிக்கொண்டார்.

கடைசி நாள் மாஜிஸ்ட்ரேட் இவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்டார். சத்தியம் கிடையாது, இஷ்டம் இருந்தால் பதில் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

"ஜீயபுரத்துக்குப் போனீரா?"

"போனேங்க."

"அந்த அம்மாவிடம் என்ன சொன்னீர்?"

சொன்னேன் என்றால், சத்தியம் செய்து சாட்சி சொன்ன அவள் பொய்க்காரி. சொல்லவில்லை என்றால், இவர் பொய்யர். நான் இடித்து இடித்துச் சொன்னேன், வக்கீல் கத்தினார், சாமியார் சொன்னார், நீங்கள் நாக்பூரிலிருந்து எழுதினீர்கள். எதற்கும் மசியாத மனிதர், குனிந்து யோசித்துவிட்டு மெதுவாக, "அதுக்குப் பதில் சொல்ல விரும்பலீங்க" என்றார். வக்கீல் சடகோப அய்யங்கார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அடைக்கலராஜிடம் சொன்னாராம்.

குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி ருஜுவாகவில்லை என்று போன வாரம் விடுதலை செய்துவிட்டார்கள்.

கேஸ் முடிந்துவிட்டதால் இனிப் பேசலாம் என்று அன்றைக்கே கோர்ட்டு வாசலில் அழகம்மாளிடம் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "பஸ்ஸை ஓட்டுனவரு வந்தாரு அக்கா. பஸ்ஸுக்குச் சொந்தக்காரரு வரல. ஆள் அனுப்புனாரு, டிரைவரு ஒத்துக்கிட்டாருன்னு கோர்ட்ல சொல்லு, உனக்கு ஏதாச்சும் செய்யறேன்னு. வந்த மனுசனை நான் எதுக்குக் காட்டிக் குடுக்கணும்?"

பிறகு இவர் அன்றைக்கு அவளிடம் சொன்னதையும் சொன்னாள். அண்ணா, பிரேக் விபத்துக்கு முதல் நாளே பிடிக்கவில்லையாம். இவர் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "காலை டிரிப் மட்டும் போயிட்டு வா, வந்ததும் பாத்துக்கலாம்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இவர் எடுத்துப் போயிருக்கிறார். "தெரிஞ்சே எடுத்தேம்மா, எடுத்திருக்கக் கூடாது" என்றுதான் அவள் வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

இதை வக்கீலிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. பிரேக்கைச் சொன்னால் பழியை அடுத்தவர் மேல் தள்ளினதாக ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஊர் முழுக்க நான் கொன்றேன், நான் கொன்றேன் என்று சொன்னாரே, அதில் தனக்கு எதிரான பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதைத்தான் உண்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்ன மனிதர் அண்ணா இவர்? எனக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது நிலைமை என்ன என்றால், பேச்சே நின்றுவிட்டது. பால்காரரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். நான் கான்வென்ட்டில் தையல் வகுப்பு எடுத்துவிட்டு வரும்போது, போகும்போது உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வருகிறது. சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை.

நேரில் ஒருமுறை வந்து போகக் கூடாதா? அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும்.

தங்கை,
இருதயமேரி


வியாகுல மாதா துணை

பாலக்கரை
20 ஆகஸ்டு 1961

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டருக்கு நீங்கள் வந்து போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. கறிக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற அளவுக்கு முன்னேறினார். அதற்கே நான் மாதாவுக்குத் தோத்திரம் சொன்னேன்.

அழகம்மாள் முதலாளி மேல் நஷ்ட ஈட்டுக்கு வழக்குப் போட்டிருக்கிறாள் என்று நீங்கள் இருக்கும்போதே தெரியும். பிரேக் விஷயம் தெரிந்த ஒரே சாட்சி இவர். இப்போது அவளுக்கும் வக்கீல் சடகோப அய்யங்கார்தான். அவள் சொல்லி விஷயம் தெரிந்துகொண்டு இவரைக் கூப்பிட்டு, "ஓய், உமக்கு விடுதலை ஆயாச்சு. அதே குத்தத்துக்கு உம்மை மறுபடியும் விசாரிக்க முடியாது. சும்மா இரும்னு சொன்ன அதே வாயாலே சொல்றேன், இப்போ பேசும்" என்று சொல்லிவிட்டார். பேசச் சொன்னால் இவர் பேசுவாரா? மாதக்கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். பேசாதே என்றபோது ஊரைக் கூட்டினார், பேசு என்றபோது ஊமையானார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

பரலோக மாதா திருநாளுக்கு முந்தின வாரம், மத்தியானம், நான் கோயில் பீடத் துணிக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தேன். எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். "மேரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். பிரேக், முதலாளி, காலை டிரிப், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அழகம்மாளிடம் சொன்ன அதே வார்த்தைகள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன். புதிதாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "ஐயோ, அப்படியாங்க?" என்றுகூடக் கேட்டேன். முடித்துவிட்டு என் மடியில் தலையை வைத்து அழுதார். ஆகவே அண்ணா, எனக்கு முன்னமே தெரியும் என்பது அவருக்கு ஒருபோதும் தெரியக் கூடாது. நீங்களும் அண்ணியும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். குற்றவாளியாக இல்லை, சாட்சியாக. "பிரேக் பிடிக்கலைன்னு மொதலாளிகிட்ட சொன்னேங்க. எடுத்துட்டுப் போன்னாரு. அவரு சொல்லியிருக்கக் கூடாது, நானும் எடுத்திருக்கக் கூடாது" என்றார். முதலாளியின் வக்கீல் எழுந்து, இதை ஏன் போன கேசில் சொல்லவில்லை என்று மடக்கினார். "அப்ப சொல்லணும்னு கட்டாயம் இல்லைன்னாங்க, சொல்லலீங்க. இப்ப சொல்லாம இருக்க முடியலீங்க" என்றார். அழகம்மாள் வீட்டுக்குப் போனதைப் பற்றி அந்த வக்கீல் கேட்கவே இல்லை. கேட்டால் பிரேக் கதை இன்னும் பலமாகும் என்று அவருக்குத் தெரியும். அந்த வரைக்கும், போன கேசில் சத்தியம் செய்து சொன்னது பொய் என்று வெளிவராமல் அழகம்மாள் தப்பித்தாள். தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவளுக்குக் கிடைக்கும் என்று சடகோப அய்யங்கார் சொல்கிறார்.

ஆனால் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்ன டிரைவரை இந்த ஜில்லாவில் இனி எந்த முதலாளியும் சேர்க்க மாட்டார். இரண்டு ஷெட்டில் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்கள். இவருக்கும் ஸ்டியரிங்கைத் தொட மனசில்லை. ஜீயபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் உட்காரக்கூடத் தயங்குகிறார்.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். நாக்பூரில், உங்கள் ரயில்வேயிலோ வேறு எங்கேயோ, இவருக்கு ஒரு வேலை பாருங்கள். என்ன வேலை என்றாலும் செய்வார், உடம்பில் பலம் இருக்கிறது. கொஞ்சம் வாயாடி என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழையபடி காலையிலிருந்து பேச ஆரம்பித்துவிட்டார், எனக்குக் காது வலிக்கிறது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, அங்கே போனாவது யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் இருப்பார் என்று பாக்கியமேரி கேலி செய்கிறாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. இந்தி கற்றுக்கொண்டாவது சொல்லிவிடுவார்.

என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவரை மட்டும் கூப்பிடாதீர்கள் அண்ணா. வந்தால் நாங்கள் மூன்று பேரும்தான் வருவோம்.

மாதாவின் பாதுகாவலில் உங்கள் எல்லோரையும் ஒப்புக்கொடுத்து,
தங்கை இருதயமேரி